கோலப்பொடியில் வரைந்த ஊர்ப்படம்

ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனால் பீரோவுக்கு மேலே சுருட்டி வைத்த ஒரு சார்ட்டைப் பார்க்கலாம். ரப்பர் பேண்டு போட்டிருக்கும், ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கும். பிரித்துப் பார்த்தால் ஊர் தெரியும். கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஏரி, தெருத்தெருவாக வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரு எண், எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் பொட்டு. இதைத்தான் சமூக வரைபடம் என்று சொல்கிறோம்.

புதிதாகச் சேர்ந்த தங்கச்சிகள் பலருக்கு இந்த சார்ட் எதற்கு என்று தெரியாது. "பழைய பேப்பருக்குப் போட்டுடலாமாக்கா?" என்று கேட்கிறார்கள். போடக் கூடாது. நமக்கு வந்த கடனும், சுழல்நிதியும், நலிவுற்றோர் பட்டியலும் இப்படி ஒரு படத்திலிருந்துதான் புறப்பட்டன. அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

சர்க்கார் வரைந்த படம்

நம்ம ஊரை நாம வரைவதற்கு ரொம்ப காலம் முன்னாடியே மற்றவர்கள் வரைந்துவிட்டார்கள். திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கும் செங்கல்பட்டு சீமை ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குப் போன பிறகு, தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அங்கே இருந்த சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊருக்கு எத்தனை வீடு, யார் என்ன தொழில், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எத்தனை ஏரி என்றெல்லாம் எழுதினார்கள். விவரம் கொடுத்தவர்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள். அவர்கள் பனை ஓலையில் எழுதி வைத்திருந்த கணக்குதான் அதற்கு அடிப்படை.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி, சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்பவர் சங்கிலி போட்டு நிலத்தை அளக்க ஆரம்பித்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய அளவைப் பணிக்கு அதுதான் தொடக்கம். அதன் பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சென்னை மாகாணத்தில் வரி போடுவதற்காக வயல் வயலாக அளந்தார்கள். இன்றைக்கு நாம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்கும் கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தப் படங்களைக் குறை சொல்லவில்லை. பட்டா மாற்ற வேண்டுமானாலும், எல்லைத் தகராறு தீர வேண்டுமானாலும் அவை இல்லாமல் முடியாது. ஆனால் அவை வரி வாங்குவதற்காக வரைந்த படங்கள். எது நஞ்சை, எது புஞ்சை, எது புறம்போக்கு என்று காட்டும். குடியிருக்கும் இடத்தை 'நத்தம்' என்று ஒரே கோட்டுக்குள் அடைத்துவிடும். அந்த நத்தத்துக்குள் எந்த வீட்டில் புருஷன் இல்லாத பொம்பள மூணு பிள்ளைகளோடு இருக்கிறாள், எந்தக் கைப்பம்பில் சித்திரை மாசம் தண்ணி வராது, எந்த சந்தில் இருட்டினால் பெண்பிள்ளைகள் போக மாட்டார்கள் என்று அதில் இருக்காது. இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவும் இல்லை.

ஊரின் கணக்கு பரம்பரை பரம்பரையாக ஒரு சில குடும்பங்களின் கையிலேயே இருந்தது. கர்ணம், கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980-இல் தமிழக அரசு ஒழித்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கணக்கு ஒரு குடும்பத்துச் சொத்தாக இருந்தது அத்தோடு முடிந்தது. ஆனால் ஊர்ஜனங்களே உட்கார்ந்து தங்கள் ஊர்க் கணக்கை எழுதுவது என்பது இன்னும் பத்து வருஷம் கழித்துத்தான் வந்தது.

தரையில் வரையும் முறை வந்த விதம்

1980-களில் ஊர் வளர்ச்சித் திட்டங்களைப் போடுகிறவர்கள் கார் போகும் சாலையோரத்து ஊர்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று இங்கிலாந்து நாட்டுப் பேராசிரியர் ராபர்ட் சேம்பர்ஸ் எழுதினார். மழைக்காலத்தில் வர மாட்டார்கள், ஆண்களிடம் மட்டும் பேசுவார்கள், ஊர்ப் பெரிய மனுஷர் வீட்டில் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்பது அவருடைய வாதம். நமக்கு இது புதிய சேதி இல்லை. ஆனாலும் படித்தவர்கள் கூட்டத்தில் அப்போது ஒருவர் அதை வெளிப்படையாகச் சொன்னது பெரிய விஷயம்.

இதற்கு மாற்றாக இந்தியாவில் சில அமைப்புகள் ஒரு முறையை வளர்த்தெடுத்தன. குஜராத்தில் ஆகா கான் கிராம ஆதரவுத் திட்டமும், கர்நாடகத்தில் மைராடா நிறுவனமும் 1988, 1989 வாக்கில் இதை ஊர்களில் செய்து பார்த்தன. வந்தவர் கையில் இருந்த பேனாவும் நோட்டும் கீழே போயின. குச்சியும் கோலப்பொடியும் ஊர்க்காரர் கைக்கு வந்தன. தரையில் ஊரை வரையச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அழகாக வரைந்தார்கள். இதற்கு ஊரகப் பங்கேற்பு மதிப்பீடு என்று பெயர் வைத்தார்கள். பயிற்சியில் நாம் 'பி.ஆர்.ஏ.' என்று சொல்வது இதைத்தான்.

ஊர்ஜனங்கள் வரைவது சரியாக இருக்குமா என்ற சந்தேகம் அதிகாரிகளுக்கு இருந்தது. அதற்குப் பதில் சொன்னது நம்ம தமிழ்நாட்டு ஊர் ஒன்றுதான். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழி பக்கம் ராமசாமிபட்டி என்ற சின்ன ஊர். 1991 மே மாதம் அங்கே ஊர்க்காரர்கள் நான்கு குழுவாகப் பிரிந்தார்கள். தரையில் படம், வீட்டுக்கு ஒரு அட்டை, ஆளுக்கு ஒரு விதை என்று ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வகையில் ஊரின் மக்கள்தொகையைக் கணக்கிட்டது. நான்கு குழுக்களுக்கும் ஒரே எண்ணிக்கை வந்தது.

எண்ணிக்கை சரியாக வந்ததைவிட முக்கியமான ஒன்று அதில் இருக்கிறது. வெளியாள் எடுத்த கணக்கில் தப்பு வந்தால் அது அலுவலக ஃபைலிலேயே கிடக்கும். ஊர் நடுவே நாலு பேர் பார்க்க வரைந்த படத்தில் தப்பு வந்தால் பக்கத்து வீட்டுக்காரியே கேட்டுவிடுவாள்.

தென்னாற்காட்டில் நம் தொடக்கம்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பமாயின. அடுத்த கட்டமாக 1991-92-இல் சேலம் மாவட்டத்துக்கும் ஒன்றுபட்ட தென்னாற்காடு மாவட்டத்துக்கும் அது வந்தது. அப்போது விழுப்புரம் தனி மாவட்டம் இல்லை. விக்கிரவாண்டி, திண்டிவனம், செஞ்சி எல்லாமே தென்னாற்காடுதான். 1993 செப்டம்பர் 30-இல்தான் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. அப்படிப் பார்த்தால் விழுப்புரம் மாவட்டம் பிறப்பதற்கு முன்பே மகளிர் குழுத் திட்டம் இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. 1997-98-இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநில அரசே இதை எடுத்துக்கொண்டு படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது.

2005-இல் உலக வங்கி உதவியுடன் புது வாழ்வுத் திட்டம் வந்தபோது விழுப்புரம் மாவட்டமும் அதில் இருந்தது. அந்தத் திட்டத்தில்தான் சமூக வரைபடத்துக்கு உண்மையான வேலை கிடைத்தது. யாருக்கு உதவி போக வேண்டும் என்பதை மேலிருந்து ஒரு பட்டியல் சொல்லாது, ஊரே சொல்ல வேண்டும் என்றார்கள். அதற்கு வைத்த பெயர் மக்கள் நிலை ஆய்வு. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 2011-இல் தொடங்கி, அடுத்து தமிழ்நாடு மாநில ஊரக வாழ்வாதார இயக்கமாக நம்மிடம் வந்தபோதும் இந்த முறை தொடர்ந்தது.

படம் போடும் நாள்

பழைய உறுப்பினர்களுக்குத் தெரிந்ததுதான். புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சுற்றி நடப்பது. ஊர்த்தெரு, காலனி, ஏரிக்கரை, கழனிக் கொட்டாய் என்று ஒரு மூலை விடாமல் போக வேண்டும். பிறகு எல்லோரும் வரக்கூடிய பொது இடத்தில் தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்துப் படம் போடுவது. வெள்ளைக் கோலப்பொடியில் தெரு, செங்கல் தூளில் தார் ரோடு, கரித்தூளில் வாய்க்கால், வேப்பிலை வைத்தால் மரம், நீலப்பொடி தூவினால் ஏரி. வீட்டுக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை.

அடுத்து தர வரிசை. எந்த வீடு மிகவும் ஏழை, எது ஏழை, எது நடுத்தரம், எது வசதி என்று பிரிக்க வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது என்பதையும் ஊரேதான் சொல்லும். சொந்த நிலம் இருக்கா? மழையில ஒழுகுதா? கரும்பு வெட்டவோ சூளைக்கோ குடும்பத்தோட வெளியூர் போறாங்களா? படிக்கற வயசுல பிள்ளை வேலைக்குப் போவுதா? வீட்டில் மாற்றுத்திறனாளி, வயசான தனி ஆள், கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர் இருக்கிறார்களா என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

தரையில் போட்டது மழை வந்தால் போய்விடும். அதனால் அன்றே சார்ட்டில் ஏற்றிவிட வேண்டும். அதிலிருந்து எழுதிய பட்டியலை ஊரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, கடைசியில் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். கிராம சபை ஒப்புதல் இல்லாத பட்டியல் செல்லாது. இந்தக் கடைசிப் படிதான் இந்த முறையின் உயிர். படம் நாம் வரையலாம், ஆனால் ஊர் முன்னால் வாசித்துக் காட்டின பிறகுதான் அது ஊர்ப்படம்.

விடுபடும் வீடுகள்

இப்போது சொல்லப்போவது கொஞ்சம் கசப்பானது. ஆனாலும் இந்த மலரில் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஊர் வரைகிறது என்றால் ஊரில் யார் வரைகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோயில் வாசலில் படம் போட்டால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். காலை பத்து மணிக்குப் போட்டால் நாற்று நடவும் களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போனவர்கள் இருக்க மாட்டார்கள். வீட்டில் இருக்க வசதியுள்ளவர்கள்தான் அந்த நேரத்தில் வருவார்கள். ஆண்கள் சுற்றி நின்றால் பொம்பளைங்க கையிலிருக்கும் குச்சி மெல்ல அவர்கள் கைக்குப் போய்விடும். படம் ரோட்டிலும் கோயிலிலும் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும்.

அப்படிப் போட்ட படத்தில் முதலில் விடுபடுவது ஊர் ஓரத்து வீடுகள். நம்ம விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பட்டா இல்லை. சர்க்கார் படத்தில் அந்த இடம் புறம்போக்கு. வருஷத்தில் பாதி நாள் செங்கல் சூளையில் இருக்கிறார்கள். சர்க்கார் படத்திலும் இல்லை, நம்ம படத்திலும் இல்லை என்றால் அவர்கள் எந்தப் படத்தில் இருப்பார்கள்? படத்தில் வீடு இல்லையென்றால் பட்டியலில் பேர் இல்லை. பட்டியலில் பேர் இல்லையென்றால் குழு இல்லை, கடன் இல்லை, நலிவுற்றோர் நிதி இல்லை.

அடுத்து விடுபடுவது வீட்டுக்குள் இருக்கும் பெண். அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கை, மகன் வீட்டுத் திண்ணையில் தனியாகப் பொங்கிச் சாப்பிடும் ஆயா. கட்டம் ஒன்றுதான், ஆனால் அடுப்பு ரெண்டு. வீட்டை மட்டும் எண்ணினால் இவர்கள் வர மாட்டார்கள். அடுப்பை எண்ணினால் வருவார்கள். ஆண்கள் போட்ட படத்தில் இது வருவது அபூர்வம். அடுப்பை எண்ணத் தெரிந்தவர்கள் பெண்கள்.

அதனால்தான் காலனியிலும் ஊர்த்தெருவிலும் தனித்தனியாகப் படம் போட்டு, பிறகு ரெண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்வது. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும் சாயங்கால நேரத்தில் போட வேண்டும் என்பதும் இதற்காகத்தான். "எங்க வூட்ட ஏன் போடல?" என்று ஒருத்தி வந்து கேட்டால் அது சண்டை இல்லை. படம் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நடைபாதையில் இருந்து ஒரு பாடம்

விடுபட்டவர்கள் தாங்களே கணக்கெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையில் ஒரு சம்பவம் உண்டு. அங்கே நடைபாதையில் குடிசை போட்டு வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை மாநகராட்சி அகற்றலாம் என்று 1985-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எந்தக் கணக்கெடுப்பிலும் அவர்கள் இல்லை. ரேஷன் கார்டு இல்லை, முகவரி இல்லை. அந்த வருஷமே ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் பைகுல்லா பகுதி நடைபாதைப் பெண்களும் சேர்ந்து, குடிசை குடிசையாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், என்ன வேலை, வேலைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எழுதினார்கள். அந்த அறிக்கைக்கு 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெண்கள் அடுத்த வருஷம் மகிளா மிலன் என்ற பெயரில் சேமிப்புக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். நம்மைப் போலவே தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். கையில் கணக்கும் சேமிப்பும் இருந்ததால் மாநகராட்சியோடு உட்கார்ந்து மாற்று வீடு பேச முடிந்தது. அவர்கள் பார்த்துப் பல நாட்டுக் குடிசைவாழ் மக்கள் இதே முறையை எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்துக் கேரளத்தில் 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி ஊராட்சியில், சாஸ்திர சாகித்ய பரிஷத் தொண்டர்களும் ஊர்ஜனங்களும் சேர்ந்து நிலம், நீர், மண் வளத்தைப் படம் போட்டார்கள். 1996-இல் கேரளம் முழுவதும் மக்கள் திட்டம் தொடங்கியபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. மும்பையில் ஆளைக் கணக்கெடுத்தார்கள், கல்யாசேரியில் வளத்தைக் கணக்கெடுத்தார்கள். நமக்கு ரெண்டும் வேண்டும்.

தண்ணீர் வந்த வழி

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலை வரையிலான ஒரு நாளில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில்வே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2-ஆம் தேதி ரயில்களை நிறுத்தினார்கள். சங்கராபரணி பெருக்கெடுத்தது. தெருவெல்லாம் தண்ணீர்.

அந்த நேரத்தில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வரும், எந்தத் திண்ணை மூழ்காது, எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், யாருக்கு மாசம் நிறைந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தந்தத் தெருப் பெண்களுக்குத்தான் தெரியும். செயற்கைக்கோள் படம் மேகத்தைக் காட்டும். போன் மேப்பு ரோட்டைக் காட்டும். ஏரி கலங்கல் எந்தப் பக்கம் வழியும், அடைத்துப்போன வாய்க்கால் பழைய காலத்தில் எந்த வழியாகப் போனது என்று வயசான ஒரு ஆயா சொல்வாள். ஏனென்றால் சின்ன வயசில் அந்த வாய்க்காலில்தான் துணி துவைத்தாள்.

நம்ம சமூக வரைபடத்தில் ஏழ்மையைக் குறித்தோம், கடன் வந்தது. அதே படத்தில் தண்ணீர் வரும் வழியையும் மேடான இடங்களையும் குறித்தால் அடுத்த மழைக்கு உயிர் காக்கும். இதற்குப் புதிய திட்டம் வர வேண்டியதில்லை. ஒரு நீல ஸ்கெட்ச் பேனா போதும்.

இனி செய்ய வேண்டியது

இப்போது விவரமெல்லாம் போனில் ஏறுகிறது. சமூக வளப் பயிற்றுநர் வீட்டு வாசலில் நின்று செயலியில் பதிவு செய்துவிட்டுப் போகிறார். வேகமாக முடிகிறது, மேலே உடனே போய்ச் சேருகிறது. நல்லதுதான். ஆனால் தரையில் போட்ட படத்தைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள், போன் திரையை ஒருத்தர்தான் பார்க்கிறார். தப்பு வந்தால் கேட்க ஆள் இல்லை. போனில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை தரையில் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தக் குறை தீரும்.

கூட்டமைப்பின் எல்லா ஊராட்சிகளுக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை:

பீரோ மேலிருக்கும் பழைய சார்ட்டை இறக்கி, போட்டோ எடுத்து, அசலைப் பத்திரப்படுத்துங்கள். யார் யார் வரைந்தார்கள் என்று தெரிந்தால் பின்பக்கம் பேரும் வருஷமும் எழுதி வையுங்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது புதுப் படம் போடுங்கள். புது மருமகள் வந்திருப்பாள், கிழவி போயிருப்பாள், குடிசை மாடி வீடாகியிருக்கும். நன்றாக இருந்த குடும்பம் நொடித்தும் போயிருக்கும். பழைய பட்டியலில் வசதி என்று எழுதிய வீடு என்றைக்கும் வசதியாகவே இருந்துவிடாது.

படம் போடும்போது ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், சூளை, காலனியின் கடைசித் தெரு இவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். கோயிலும் ரோடும் கடைசியில் வரட்டும். அவை எங்கேயும் போய்விடாது.

வருஷத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒன்றிலாவது புதுப் படத்தைச் சுவரில் மாட்டி, பட்டியலைச் சத்தமாக வாசியுங்கள். நாம் தரும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டுமென்றால், கையில் இந்தப் படம் இருப்பது பெரிய பலம்.

ஊர்க் கணக்கு ஓலையில் இருந்தபோது நம்ம பாட்டிகளால் அதைத் தொட முடியவில்லை. காகிதத்துக்கு வந்தபோது அம்மாக்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. தரைக்கு வந்தபோதுதான் நம்ம கைக்கு வந்தது. இந்த மலர் வெளியாகும் மாதமே, மழை ஆரம்பிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்கட்டும். கோலப்பொடி வாங்கும் செலவைக் கூட்டச் செலவில் எழுதிக்கொள்ளலாம்.